பிரிஸ்கில்லாவின் ஜெபத்தில் ஓர் இடைவெளி

உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் முப்பத்தொரு வருடம் டிரைவராக இருந்தேன். டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவன் இல்லை, மில்லை ஓட்டுகிறவன். சுவிட்சைப் போட்டு, பெல்ட்டைப் பார்த்து, நெல் விழுகிற அளவைச் சரிசெய்துவிட்டால் பிறகு கொஞ்ச நேரத்துக்கு வேலை இல்லை. சாக்குகளின் மேல் உட்கார்ந்து ஏதாவது படிப்பேன். இந்தச் சத்தத்தில் எப்படிப் படிக்கிறாய் என்று முதலாளி பாண்டுரங்கன் கேட்பார். ஓடுகிற மில் எனக்குக் கேட்காது என்பேன். பொய் இல்லை. பெல்ட் நழுவினாலோ கரண்ட் போனாலோ, அந்த நொடியில் என் தலை தானாக நிமிர்ந்துவிடும்.

என் மனைவி பிரிஸ்கில்லா பேசுவதும் எனக்கு அப்படித்தான்.

கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருடம் ஆகிறது. அடுப்போடு பேசுவாள், ஆட்டோடு பேசுவாள், போனில் மகளோடு பேசுவாள், யாரும் இல்லாவிட்டால் என்னோடு பேசுவாள். நான் கேட்கிறேனா இல்லையா என்பது அவளுக்குப் பொருட்டில்லை. கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். என் பெயர் ஞானதாஸ். தெருவில் என்னை ‘வாயில்லாதவர்’ என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவளும் அவள்தான்.

சாலவாக்கம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற தெரு எங்களுடையது. நாற்பத்தெட்டு வீடு. பாதி வீடு வேதக்காரர்கள், பாதி வீடு மாரியம்மன் கோயில்காரர்கள். பிரிஸ்கில்லாவின் ஜெபத்தில் அந்தப் பாகுபாடு கிடையாது. ஏரிக்கரைப் பக்கம் முதல் வீட்டில் ஆரம்பித்து ஒரு வீடு விடாமல் பெயர் சொல்லிக்கொண்டே வருவாள். யார் மகனுக்கு வேலை வேண்டும், யார் மாடு சினை நிற்கவில்லை, யாருக்கு மூட்டுவலி, எல்லாம் வரும். இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம். மூச்சு வாங்குகிற இடம்கூடத் தெரியாது. சபையில் இருக்கிறவர்கள் ‘ஸ்தோத்திரம்’ சொல்ல வாய் திறப்பதற்குள் அவள் மூன்று வீடு தாண்டிப் போயிருப்பாள்.

தெரு முடிந்ததும் கடைசியாக என் பெயர். “என் வூட்டுக்காரரு ஞானதாச கண்ணோக்கிப் பாரும் தகப்பனே. அவுரு வாயத் தொறந்தருளும்.” அதோடு ஆமென். நாற்பத்து மூன்று வருடமாக இதே கடைசி வரி. முதலில் சபை சிரித்தது. பிறகு சிரிப்பதும் நின்று, அது ஜெபம் முடிந்ததற்கான அடையாளமாகிவிட்டது. அந்த வரி கேட்டால் பிள்ளைகள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்த வருடம் பொங்கல் கழிந்த வாரம் குடத்தோடு குழாயடியில் விழுந்தாள். காஞ்சிபுரத்தில் பார்த்தோம். இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வால்வு சுண்ணாம்பு பிடித்ததுபோல் இறுகிவிட்டது என்றார்கள். சென்னைக்கு அனுப்பினார்கள். வயது எழுபது, நெஞ்சைத் திறக்க வேண்டாம், தொடை ரத்தக்குழாய் வழியாக ஒரு குழாயை மேலே ஏற்றி, பழைய வால்வுக்குள்ளேயே புது வால்வை விரித்து வைத்துவிடலாம் என்றார்கள். அப்படியே செய்தார்கள். மறுநாளே கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரியின் மருமகள் எப்படிப்பட்டவள் என்று எனக்குச் சொன்னாள்.

ஆனால் உடனே வீட்டுக்கு விடவில்லை. துடிப்பில் சின்ன மாற்றம் இருப்பதால், கழுத்து வழியாக ஒரு தற்காலிக ஒயரை வைத்து இரண்டு நாள் பார்த்தார்கள். எனக்குப் புரியவில்லை என்று நின்றேன். பெரிய டாக்டர் பொறுமையாகச் சொன்னார். “இதயம் துடிக்கிறதுக்கு மேல இருந்து கீழ கரண்ட் போகுதுன்னு வெச்சுக்குங்க. அந்த ஒயர் புது வால்வு உக்கார்ற இடத்தை ஒட்டித்தான் போகுது. வால்வு அதை அழுத்தினா சில சமயம் கரண்ட் கீழ போகாது. இப்ப போகுது. ஆனா ஒரு மாசம் ஜாக்கிரதையா இருங்க. மயக்கம், தலைசுத்தல், கண்ணு இருட்டறது, எது வந்தாலும் உடனே வரணும்.”

கரண்ட் என்று சொன்னதால் எனக்கு நன்றாகவே புரிந்தது. லூஸ் கனெக்‌ஷன் எவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரியும். முழுக்க அறுந்த ஒயரைக் கண்டுபிடித்துவிடலாம். விட்டு விட்டு வருவதுதான் ஆளைக் கொல்லும்.

ஒயரை எடுத்துவிட்டு ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வந்த அன்றே தெரு முழுக்க வீட்டில். எதிர்வீட்டு ஆண்டாளம்மாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் ஜன்னலோரம் நூலகப் புத்தகத்தை விரித்துக்கொண்டேன்.

“நெஞ்சுல கத்தியே வெக்கிலியா?”

“எங்க வெச்சான்! தொடைல இம்மாம் ஓட்ட. அதுல வுட்டான் பாரு ஒரு கொயா, அது வயித்த தாண்டி, இப்டி வளஞ்சி நெஞ்சுக்குப் போவுது. நான் முழிச்சிக்கினுதான் கீறேன். டாக்டரு இன்னாமா பண்ணுதுன்றான். நான் சொன்னேன், நீ பாட்டுக்கு உன் வேலயப் பாரு, நான்…”

என் தலை நிமிர்ந்தது.

பிரிஸ்கில்லா வாய் திறந்தபடி இருந்தாள். கண் ஆண்டாளம்மாளைத் தாண்டி எங்கோ இருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

“…பாட்டுக்கு என் வேலயப் பாக்கறேன்னேன்” என்று முடித்தாள்.

ஆண்டாளம்மாள் எதையும் கவனிக்கவில்லை. இருபது வருடத்தில் முதல்முறையாகக் கிடைத்த இடைவெளியில் தன் கண் ஆபரேஷன் கதையைச் சொருகப் பார்த்தாள். அதற்குள் அந்த இடைவெளி மூடிவிட்டது.

மூன்று நாளில் ஐந்து தடவை என் தலை நிமிர்ந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். நூலகப் புத்தகத்தில் நான் எழுதியது அதுதான் முதல் தடவை. காலை, மாடு கட்டும்போது, மூன்று. மாலை, போனில், நான்கு.

புதன்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சாம்சன் பாஸ்டர் சின்ன வயதுக்காரர், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். “அம்மா ஜெபிப்பாங்க” என்றார். எல்லாரும் கண்ணை மூடினோம். ஏரிக்கரையில் ஆரம்பித்து வீடு வீடாக வந்தாள். முருங்கை மரத்து வீடு தாண்டியதும் நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

நாற்பத்து மூன்று வருடத்தில் அவள் ஜெபம் நடுவில் நின்றதே இல்லை. அந்த அமைதி அறைக்குள் பரவியது. யாரோ ஒரு பெண் மெல்ல விசும்பினாள். பாஸ்டர் தணிந்த குரலில் “ஸ்தோத்திரம்… ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்றார். சபை முழுவதும் “ஸ்தோத்திரம்” என்றது. அதற்குள் பிரிஸ்கில்லா அடுத்த வீட்டுக்குப் போயிருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “யக்கா, சாவப் பாத்துட்டு வந்த ஜெபம்க்கா. நடுவுல நிறுத்தன பாரு, எனுக்கு ஒடம்பே சிலிர்த்துடுச்சி.” பாஸ்டரும் சொன்னார். “முன்னல்லாம் நீங்க வேகமா பேசுவீங்கம்மா. இப்ப ஆண்டவர் பேச எடம் குடுக்கறீங்க.”

பிரிஸ்கில்லாவுக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்காகவே ஸ்தோத்திர ஆராதனை. அதில் அவளே ஜெபிக்க வேண்டும் என்று பாஸ்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாப்பிடும்போது நான் பேசினேன்.

“மே, பேசும்போது நின்னு நின்னு போவுது உனுக்கு. தெரியுதா?”

“ஆவியானவருய்யா.”

“காலில மாடு கட்டும்போதுமா ஆவியானவரு?”

குழம்புக் கரண்டி நின்றது. இந்த முறை அது இதயம் இல்லை, கோபம். “வர்சத்துக்கு நாலு வாட்டி வாயத் தொறக்கற. அதுல ஒண்ணு, பொண்டாட்டி ஜெபத்துல நொட்ட சொல்றதுக்கா?”

“கண்ணு இருட்டுதா உனுக்கு?”

“ஒண்ணியும் இல்ல.”

“நாளிக்கி டாக்டராண்ட போலாம்.”

“போனா படுக்க வெச்சிடுவான். எனுக்காவ ஆராதன வெச்சிட்டு நான் அங்க ஆஸ்பத்திரில படுத்துக்கினு கீறதா? நல்லா கீது கத.” பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “லேசா… கோயில் மணி அடிச்சி ஓஞ்சா காதுல ஒரு மாதிரி இருக்குமே, அந்த மாதிரி கீது. அவ்ளோதான்.”

மறுநாள் காலை பஸ்ஸில் உத்திரமேரூர் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் பூஜாவுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். சென்னையில் கொடுத்த காகிதத்தை முழுக்கப் படித்தார். ஈசிஜி எடுத்தார். காகிதத்தில் துடிப்பு ஒழுங்காக ஓடியது.

“மயக்கம் வருதாம்மா?”

“இல்லவே இல்ல கண்ணு.”

நான் புத்தகத்தை நீட்டினேன். டாக்டர் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். “இது என்ன சார்?”

“அவ பேச்சு நின்ன நேரம். செகண்டு.”

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. “ஈசிஜி பத்து செகண்டுதான் பாக்கும் சார். அந்தப் பத்து செகண்டுல நடந்தாத்தான் தெரியும். நீங்க நாள் முழுக்கப் பாக்கறீங்க. இன்னிக்கே சென்னை போறது நல்லது. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்.”

“திங்கக்கெளம போறேன்” என்றாள் பிரிஸ்கில்லா. “ஞாயித்துக்கெளம வேல கீது.”

“அம்மா, இது தள்ளிப்போடற விஷயம் இல்ல.”

“கையெழுத்து வேணா போட்டுத் தரேன். திங்கக்கெளம.”

எவ்வளவு சொன்னாலும் அசையவில்லை. கடைசியில் டாக்டர் என் பக்கம் திரும்பி, என் இரண்டு விரலை எடுத்து அவள் மணிக்கட்டில் வைத்தார். “இதுதான் நாடி. தெரியுதா? பேச்சு நின்னா உடனே இதைப் பிடிங்க. பேச்சோட நாடியும் நின்னா, யாரையும் கேக்காதீங்க. அம்மாவையும் கேக்காதீங்க. 108-க்குப் போன் போடுங்க.”

வெள்ளியும் சனியும் நான் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முழுதாக, வார்த்தை வார்த்தையாக. நாற்பத்து மூன்று வருடத்தில் முதல் தடவை. எவ்வளவு விஷயம் சொல்கிறாள் என்று ஆச்சரியமாக இருந்தது. எங்கள் மகளுக்கு மார்கழியில் ஒரு பல் விழுந்த கதை, ஏரியில் இந்த வருடம் எத்தனை வகைக் கொக்கு, எனக்குப் பிடிக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிற, எனக்குப் பிடிக்காத கத்திரிக்காய்க் கூட்டு. இடையிடையே நிற்கும். என் விரல்கள் அவள் கையைத் தேடிப் போகும். நான் போய்ச் சேர்வதற்குள் துடிப்பு திரும்பியிருக்கும். “இன்னாய்யா, கெழ வயசுல கையப் புடிக்கற!” என்று தட்டிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பியிருந்தது. தகரக் கூரை போட்ட நீளமான அறை; பாய் விரித்து ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் ஒரு ஆள் நடக்கிற வழி. அந்த வழியை ஆராதனை நடக்கும்போது யாரும் தாண்டியதில்லை. ஆண்டாளம்மாளும் வந்து வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பிரிஸ்கில்லா கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில், பெண்கள் பக்கம் முன்வரிசையில் எழுந்து நின்றாள். கைகளை உயர்த்தினாள். எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

நான் மூடவில்லை.

ஏரிக்கரையில் தொடங்கினாள். மேல்வரிசை முடிந்தது. கீழ்வரிசை. தன்னைக் காப்பாற்றிய டாக்டர்களுக்கு, தள்ளுவண்டி தள்ளிய பையனுக்கு, பக்கத்துக் கட்டில்காரிக்கும் அவள் மருமகளுக்கும் தனித்தனியாக. மறுபடி தெரு. “சின்னப்பையன் குடும்பத்த ஆசீர்வதியும். அவன் பொண்ணு தமிழ்ச்செல்வி பரீட்ச எயுதறா, அவளுக்கு…”

நின்றது.

ஒன்று. இரண்டு.

“ஸ்தோத்திரம்” என்றார் பாஸ்டர்.

மூன்று. நான்கு.

“ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!” சபை முழங்கியது. தகரக் கூரை அதிர்ந்தது. மூடிய கண்களிலிருந்து கண்ணீர் வழிந்தது. உயர்த்திய அவள் கைகள் மட்டும் மெல்லக் கீழே வந்துகொண்டிருந்தன.

நடுவழியைத் தாண்டினேன். யார் காலையோ மிதித்தேன். என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மில்லில் பெல்ட் அறுந்தபோது ஆட்களை விலகச் சொல்லிக் கத்துவேனே, அந்தச் சத்தம்.

“நிறுத்துங்க! அது ஆவி இல்ல! அவ நெஞ்சு நின்னுபூட்ச்சி!”

நூற்றைம்பது கண்கள் திறந்தன. அவள் சாய்ந்தபோது நான் பிடித்துவிட்டேன். விரலை மணிக்கட்டில் வைத்தேன். ஒன்றுமில்லை. சபையில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. அமைதியை விரும்பி வாழ்ந்தவன் நான். அன்று அதை நான் வெறுத்தேன்.

பிறகு விரலடியில் ஒரு தட்டு. இன்னொரு தட்டு. நடுவில் நீளமான இடம். இன்னொன்று.

பிரிஸ்கில்லா கண்ணைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள்.

“…நல்ல மார்க் தாரும் ஆண்டவரே” என்றாள்.

யாரோ அழுகையும் சிரிப்புமாக ஆமென் சொன்னார்கள். “இன்னும் முடியல” என்றாள் அவள். “எட்டு வூடு பாக்கி கீது.”

“எங்க வூடும் பாக்கி” என்றாள் ஆண்டாளம்மாள் வாசலிலிருந்து, அழுதுகொண்டே. “அத அப்பால பாத்துக்கலாம், எழுந்திரிடி.”

சாம்சன் பாஸ்டர் அதற்குள் போன் போட்டுவிட்டார். 108 வண்டியில் தினேஷ்குமார் என்ற இளைஞர் அவள் நெஞ்சில் மெஷினின் ஒயர்களை ஒட்டினார். செங்கல்பட்டு ரோட்டில் வண்டி திரும்பும்போது பிரிஸ்கில்லா அவருக்கு எந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். “சாதகம் பாப்பீங்களா தம்பி, இல்ல…” என்று நின்றாள். திரையில் ஓடிய பச்சைக் கோடு அப்படியே சமமாகப் போனது. ஆறு செகண்ட். தினேஷ்குமாரின் கை சுவிட்சில் இருந்தது. கோடு மேலே எழும்பியது. “…பாக்காத எடமா?” என்று முடித்தாள்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “மெஷினுக்கே இப்பதான் தெரியுது. நீங்க எப்டி சார் கண்டுபிடிச்சீங்க?”

நான் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள். “அவுரு மில்லு டிரைவரு.”

செங்கல்பட்டில் அன்றே மறுபடி தற்காலிக ஒயர் வைத்தார்கள். இரண்டு நாளில், தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கடியில், தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பேஸ்மேக்கர். மேலிருந்து சிக்னல் வராவிட்டால் அது தானாக ஒரு தட்டுத் தட்டும். புது வால்வு வைத்தவர்களில் சிலருக்கு இப்படி ஆகும், இனி பயமில்லை என்றார்கள். திரையில் கோடு குத்துக் குத்தாக, ஒரே இடைவெளியில் ஓடியது. நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன். எழுந்தபோது அவள் நர்ஸிடம் எங்கள் கல்யாணக் கதையில் பாதிவரை போயிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். ஏரிக்கரையிலிருந்து கடைசி வீடு வரை, இருபத்தெட்டு நிமிடம். ஒரு ஸ்தோத்திரத்துக்குக்கூட இடம் விடவில்லை. விடுபட்ட எட்டு வீடுகளுக்கு வட்டியும் முதலுமாக இரண்டு தடவை ஜெபித்தாள். வெளியே வரும்போது ஒரு பெண் என் காதுபடவே சொன்னாள்: “இன்னா இருந்தாலும் போன மாசத்து ஜெபம் மாதிரி வராதுடி.”

அதற்கு முன்பே, ஜெபத்தின் கடைசி வரி வந்தபோது, பிள்ளைகள் செருப்பைத் தேட எழுந்தார்கள். ஆனால் வேறு வரி வந்தது.

“என் வூட்டுக்காரரு ஞானதாசுக்காக நன்றி செலுத்தறேன் தகப்பனே. நாப்பத்து மூணு வர்சம் கேட்டேன். கேட்டதக் குடுத்தீரு. வாயத் தொறந்தாரு. சபை நடுவுல தொறந்தாரு. அவ்ளோ சத்தமாத்தான் தொறக்கணுமா, அது உம்ம சித்தம். ஆமென்.”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. சாம்சன் பாஸ்டர் பைபிளால் முகத்தை மறைத்துக்கொண்டார். என் காது சூடாகிவிட்டது. ஆனாலும் தலையைக் குனியவில்லை.

வீட்டுக்குத் தெருவில் நடந்து வந்தோம். ஏரி நிரம்பி, காற்று ஈரமாக வந்தது. நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் மினுங்கியது. அவள் பேசிக்கொண்டே வந்தாள். நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.

“இனிமே உனுக்கு கேக்கறதுக்கு ஒண்ணியும் இல்லியே” என்றாள். “கடைசில வெறுமையா கீது. இன்னா வேணும் உனுக்கு, சொல்லு. அடுத்த வாரம் போட்டுடறேன்.”

யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். மகள் நன்றாக இருக்கிறாள். பென்ஷன் இல்லை, ஆனால் பசி இல்லை. கத்திரிக்காய்க் கூட்டைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பக்கத்தில் அவள் செருப்புச் சத்தம், ஒரே சீராக. எனக்கு வேண்டியது அந்தத் தெருவில் என் பக்கத்திலேயே நடந்து வந்துகொண்டிருந்தது.

பதில் வராததால் அவள் நின்றுவிட்டாள். என் கையைப் பிடித்து, டாக்டர் பூஜா காட்டிக்கொடுத்த இடத்தில் சரியாக இரண்டு விரலை வைத்து, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு எண்ணினாள்.

“அடிச்சிக்கினுதான் கீது” என்றாள். “அப்பறம் இன்னாய்யா, பேச வேண்டியதுதானே?”